எனக்கு ஊற்றாத நாலாவது வைன்

செம்மண்டலத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் ஜாடிக்கும் என் பிரஷர் மாத்திரைக்கும் நடுவில், உன் பாட்டில் நிற்கிறது. பாதிக்கு மேல் இருக்கிறது. சற்று முன்னால் தக்கையைப் பிடுங்கினேன். காடியும் பழைய மரப்பெட்டியும் கலந்தது போல ஒரு வாடை எழுந்தது. கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவி அங்கிருந்தே, "இன்னாங்க அது, எதாவது கெட்டுப் போச்சா?" என்று குரல் கொடுத்தாள். கெட்டுத்தான் போயிருக்கிறது. திறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன வைன் வேறு எப்படி இருக்கும்?

காலையில் உன் மனைவி இதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் சொன்னதைப் பிறகு எழுதுகிறேன். நீ செத்துப் பதினொரு மாதம் ஆகிறது, உன்னோடு நான் பேசி ஐந்து வருஷம் ஆகிறது. போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது வழக்கம். அந்த நாலு வார்த்தை என்னிடம் இல்லை. எனக்குள்ளே இருப்பதெல்லாம் கோபம்தான், அதைத்தான் எழுதப் போகிறேன். குறுக்கே பேசுவது உன் பழக்கம். இந்த முறை முடியாது.

முதலில் சிதம்பரம். தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் காலேஜ் படிக்க நாம் எடுத்த அறையில் ஒரு ஜன்னல், இரண்டு பாய், ஒரே ஒரு சொம்பு. நான் புவனகிரிப் பக்கத்து விவசாய வீட்டிலிருந்து வந்தவன். எங்கள் வீட்டில் சொம்பில் வாய் வைத்தால் முதுகில் விழும். நீ கடலூர் முதுநகர் மாதா கோயில் தெருக்காரன். உங்கள் வீட்டில் ஆளுக்கொரு கிளாஸ், ஆளுக்கொரு தட்டு. வந்த முதல் நாளே சொம்பை எடுத்து வாயோடு வைத்துக் கடகடவென்று குடித்தாய்.

"டேய், அண்ணாந்து குடிடா. அடுத்தது நானும் அதுலதான குடிக்கணும்" என்றேன்.

நீ முயற்சி செய்தாய். மூக்கில் ஏறியது, புரையேறியது, சட்டை முழுக்க நனைந்து போயிற்று. பக்கத்து அறைப் பையன்கள் வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கொடியிலிருந்து என் துண்டை எடுத்து உன்னிடம் கொடுத்தேன். எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன், அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

ஒரே மாதத்தில் என்னையே மிஞ்சிவிட்டாய். ஒரு முழம் உயரத்திலிருந்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடிப்பாய். பெரிய வித்தைக்காரன் மாதிரி சுற்றிலும் ஒரு பார்வை வேறு. அதோடு நிற்காமல் ஒரு சட்டமும் போட்டாய். "வாய் வெச்சா உன்னுது. வெக்கலன்னா நம்மளது." பன்னீர் சோடாவிலிருந்து மோர் வரைக்கும் மூன்று வருஷம் அந்தச் சட்டம் செல்லுபடியானது. வாங்கும்போதே ஒன்றுதான் வாங்குவோம். பாதியில் நிறுத்தி நீட்டுவாய். எவ்வளவு குடித்தாய் என்று நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நீ முதுநகர் துறைமுகத்தில் இறால் கம்பெனி வைத்தாய். நான் நில அளவையராகி மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்தேன். உனக்குச் சட்டைகள் மாறின, செருப்பு மாறியது, பேச்சும் கொஞ்சம் மாறியது. பாண்டிக்கு ஒரு தடவை போய்விட்டு வந்தால் மூன்று நாளைக்கு டீக்கடைக்காரரிடம்கூடப் பிரெஞ்சில் 'மெர்சி' என்று நன்றி சொல்வாய். அவர் உனக்கு ஏதோ வியாதி என்று நினைத்தார். அதையெல்லாம் நான் ரசித்தேன். நம் மச்சான் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நடக்கிறான் என்று பெருமையாகக்கூட இருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

ஒரு நாள் மத்தியானம் என் ஆபீசுக்கு வந்தாய். மேசையில் விரித்திருந்த புல வரைபடத்தின் மேலேயே கார்ச் சாவியை வைத்தாய்.

"மச்சான், சனிக்கெழம பாண்டில ஒரு பெரிய ஓட்டல்ல டின்னர். அஞ்சு அயிட்டம், அஞ்சு வைன். ஒவ்வொரு வைனும் பிரான்சுல ஒவ்வொரு ஊரு. ரெண்டாவது அயிட்டம் இன்னா தெரியுமா? நம்ம எறாலு! எனக்கு ரெண்டு சீட்டு குடுத்துகிறாங்க."

"வீட்டுல கூட்டிட்டுப் போயேன்."

"அவுளுக்கு அந்த வாசனையே ஆவாதாம். நீ வா. நீதான் குடிக்க மாட்ட, வண்டிய ஓட்டு. ஒவ்வொன்னுலயும் ஒரு வாய் ருசி பாரு, மீதிய எனக்குத் தள்ளு. நமக்குள்ள இன்னா?"

நமக்குள்ளே என்ன என்றுதான் நானும் நினைத்தேன். தங்கை கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். கடலூரிலிருந்து பாண்டி வரைக்கும் உன் காரை நான்தான் ஓட்டினேன். அது உண்மை. அதை நான் மறுக்கவே இல்லை.

அந்த மேசை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பன்னிரண்டு பேர். தலைக்கு மூன்று கிளாஸ். வாழை இலை அகலத்துக்குத் தட்டு, நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்குச் சாப்பாடு. பிரான்சில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு புதுச்சேரி அம்மாள், ஒவ்வொரு பாட்டிலாகக் கையில் எடுத்து ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னார். முதலில் நண்டு வைத்த ஏதோ ஒரு பலகாரமும் ஷாம்பெயினும். என் கிளாஸை அப்படியே உன் பக்கம் நகர்த்தினேன். இரண்டாவது உன் இறால், அதற்கு லுவார் என்ற ஆற்றங்கரையில் விளைந்த வெள்ளை வைன். அதையும் நகர்த்தினேன். உன் குரல் ஏறத் தொடங்கியது. இறால் எந்தக் கடலில் பிடித்தது, எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது என்று எதிரே இருந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு நீ கதை சொல்லிக்கொண்டிருந்தாய்.

மூன்றாவது வைனுக்கு முன்னால் அந்த அம்மாள் சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டினார். அங்கேதான் எனக்குப் பிடித்துக்கொண்டது. பர்கண்டி என்று ஒரு சீமையாம். ஒரே சரிவு, ஒரே மண், நடுவில் இடுப்பளவு கல் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் விளைந்தால் வைனுக்கு ஒரு பெயர், அந்தப் பக்கம் விளைந்தால் வேறு பெயர். பல தலைமுறையாக அந்த எல்லையை யாரும் நகர்த்தவில்லையாம். எல்லைக்கல்லைத் தேடி வயல் வயலாகச் சேற்றில் இறங்குவதே என் பிழைப்பு. நான் போவதற்குள் கல் இரண்டடி நடந்து போயிருக்கும். நகர்த்தாத எல்லை என்று கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்தச் சுவர் இடிந்தால் யார் வந்து அளப்பார்கள், எதை வைத்து அளப்பார்கள் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. மனசுக்குள் ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அந்த மேசையில் அப்படி ஒரு கேள்வி வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

கேட்பதற்கு முன்னால் அந்த மண்ணில் விளைந்ததை ஒரு வாய் ருசி பார்க்கலாம் என்று கிளாஸை எடுத்தேன். மீதி உனக்கு. நீதானே சொல்லியிருந்தாய். உனக்குக் கொடுக்க வேண்டிய கிளாஸில் நான் எப்படி வாய் வைப்பேன்? தலையை அண்ணாந்து, கிளாஸை உயர்த்தி, சிதம்பரத்தில் குடித்த மாதிரியே ஊற்றினேன்.

சொம்புக்கு வாய் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். அந்தக் கிளாஸுக்கு வாய் உள்பக்கம் வளைந்திருந்தது. முதலில் ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் சாய்த்தேன், மொத்தமாக வந்து விழுந்தது. மோவாய், கழுத்து, நெஞ்சு என்று எல்லா இடத்திலும் சிவப்பு. மேசையே என்னைத் திரும்பிப் பார்த்தது.

எதிரே இருந்த அந்த வெள்ளைக்கார அம்மாள் உன்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "இவர் உங்கள் நண்பரா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, பதறிப்போய்க் கேட்டார்.

நீ என் சட்டையைப் பார்த்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"டிரைவர். மை டிரைவர்" என்றாய். அதோடு விட்டாயா? "நல்ல மனுஷன். வாசல்ல நிக்க வேணாம்னு நான்தான் உள்ள வந்து உக்காந்து சாப்பிடச் சொன்னேன்" என்று அதையும் ஆங்கிலத்தில் சொன்னாய். அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, உனக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார். நீ தலையைக் குனிந்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டாய். பொய் சொன்னதைக்கூட ஒரு பக்கம் தள்ளி வைக்கலாம். அந்தப் பொய்க்கு மேல் நல்ல பெயரும் வாங்கினாயே, அதை எங்கே தள்ளி வைப்பது?

பரிமாறுகிறவர் வந்தார். மரியாதையாகத்தான் வந்தார். என் முன்னால் மிச்சமிருந்த கிளாஸையும் எடுத்துக்கொண்டு, ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். வண்டி ஓட்டுகிறவனுக்கு வைன் ஊற்றக் கூடாது, அவர் செய்தது சரி. நாலாவதாக ஆட்டுக்கறியும் போர்டோ என்ற ஊர் வைனும் வந்தன. எனக்குக் கறி மட்டும். ஐந்தாவதாக ஏதோ இனிப்பு. அதற்கும் என் இடத்தைத் தாண்டி ஊற்றிக்கொண்டு போனார்கள். நான் எழுந்து போயிருக்கலாம். போனால் டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று அதற்கும் ஒரு கதை சொல்வாய் என்று தெரியும். உட்கார்ந்து கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டேன். சுவரைப் பற்றிய கேள்வியைக் கேட்கவில்லை. டிரைவர் எல்லைக்கல்லைப் பற்றிக் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

கிளம்பும்போது வழியனுப்ப வாசலில் ஆட்கள் நின்றார்கள். நீ காரின் பின் சீட்டில் ஏறினாய்.

வரும்போது முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து, காலைத் தூக்கி டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவன் நீ. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிய பிறகுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. "முன்னாடி வரட்டா மச்சான்?" நான் வண்டியை நிறுத்தவில்லை. "கோச்சுகினியா? சட்டை பூரா கொட்டிகினு உக்காந்துகிற, அவுங்ககிட்ட இன்னா சொல்லச் சொல்ற? எனக்கு நாளைக்கும் அங்க யாவாரம் நடக்க வேணாமா? ஜாஸ்தி பண்ணாத, விடு."

உன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இறங்கி, உன் பக்கத்துக் கதவைத் திறந்து விட்டேன். சாவியை நீட்டி, "சாவி, சார்" என்றேன். உன்னிடம் நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான். உனக்குச் சுருக்கென்று பட்டது, முகத்தில் பார்த்தேன். படட்டும் என்றுதான் சொன்னேன்.

என் மனைவி அந்தச் சட்டையை உப்பு, எலுமிச்சை எல்லாம் போட்டுக் கசக்கினாள். சிவப்பு போய் நீலமாக ஒரு கறை நின்றது. அதை வண்டி துடைக்க வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் தண்ணீர் கேட்டபோது வழக்கம்போலச் சொம்பை நீட்டினாள். "எனக்குத் தனி டம்ளர் குடு" என்றேன். வாய் வைத்துக் குடித்தேன். "இன்னா புதுசா?" என்றாள். அன்றிலிருந்து ஐந்து வருஷம் நான் எதையும் அண்ணாந்து குடிக்கவில்லை. ஆபீஸில் என் தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதி வைத்தேன். யாராவது கேட்டால், இதில் வாய் வைத்திருக்கிறேன், வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். முன்பெல்லாம் என் சொம்பில் ஊரே குடித்தது. நீ என்னை அப்படி ஆக்கினாய். வேறு எதையாவது எடுத்துக்கொண்டு போயிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அடுத்த வாரம் ஐஸ் பெட்டியில் இறால் அனுப்பினாய். திருப்பி அனுப்பினேன். கிறிஸ்துமஸுக்குக் கேக் வந்தது, அதுவும் திரும்பியது. பெட்டி வந்தது, பை வந்தது, நீ வரவில்லை. முதுநகரிலிருந்து செம்மண்டலம் என்ன கடல் கடந்தா இருக்கிறது? வாசலில் நின்று "தப்புடா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாலு திட்டு திட்டிவிட்டு உள்ளே கூப்பிட்டிருப்பேன். அந்தக் கதையை நீ வேறு யாரிடமும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் உனக்கு வெட்கம் இருந்திருக்கிறது. அதை என்னிடம் வந்து காட்டியிருக்க வேண்டும்.

உனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். ஈரல் போய்விட்டது என்றார்கள். நான் வரவில்லை. நீ கூப்பிடவும் இல்லை. அடக்கத்துக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றேன். எல்லோரும் வரிசையில் போய் ஒரு பிடி மண் போட்டார்கள். உன் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் போடவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பார்வையோடுதான் இன்று காலையில் வந்திருந்தாள். அடுத்த மாதம் வருஷப் பூசை, வர வேண்டும் என்றாள். என் மனைவி காபி கொடுத்தாள். குடித்து முடித்த பிறகும் எழுந்திருக்காமல் இருந்தவள், மஞ்சள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது உங்களுதுண்ணே. அப்பவே குடுத்திருக்கணும். நீங்க மண்ணுகூடப் போடலியே, கொண்டாந்தா தூக்கி எறிஞ்சிடுவீங்கன்னு பயமா இருந்துது."

"அவன் குடிச்சிட்டு வெச்ச மிச்சமா?" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"டாக்டரு ஒரு சொட்டுகூடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. ஒரு நாள் சாயங்காலம் அலமாரிலேர்ந்து இத எடுத்தாரு. எங்கயோ சொல்லி வெச்சி வாங்கினதாம், ரொம்ப நாளா இருந்துது. நான் கத்தறேன், கேக்கல. படுத்த வாக்குல தலைய அண்ணாந்துகினு வாய்ல ஊத்தறாரு. கை நடுங்குது. பாதி வாய்ல, பாதி நெஞ்சுல. பனியன் பூரா சிவப்பு. கிளாஸ் தரேன்யா, அதுலயாவது குடின்னேன். வேணாம்னுட்டாரு. அப்பறம் தக்கய அவரே அடச்சி என் கையில குடுத்தாரு."

"இன்னா சொன்னான்?"

"மீதி மச்சானுக்கு, நாலாவது அவனுக்கு ஊத்தலன்னாரு. இன்னா நாலாவதுன்னு எனக்கு இன்னிக்கும் புரியலண்ணே. நான் வாய் வெக்கல, அத மட்டும் மறக்காம சொல்லுன்னாரு."

அவள் போன பிறகு பீரோவிலிருந்து அந்த டின்னரின் மெனு அட்டையை எடுத்தேன். காகிதம் எதையும் எறியாத புத்தி எனக்கு. நாலாவது வரியையும் பாட்டில் லேபிளையும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தேன். போர்டோ. அதேதான். தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறாய். வாங்கி வைத்துவிட்டு, கொண்டுவந்து கொடுக்கக் கால் வராமல் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாய். உயிரோடு இருக்கும்போது வர முடியாதவனுக்குச் செத்த பிறகு ஆள் அனுப்ப மட்டும் தெரிந்திருக்கிறது. கோழைப்பயல்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எல்லைக்கல்லை நகர்த்தியவன் செத்துப் போனாலும் கல் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பி வராது. யாராவது சங்கிலி பிடித்து அளக்க வேண்டும், தோண்டிப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போய் நட வேண்டும். அந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். சண்டை போடக்கூட ஆளில்லாமல் பண்ணிவிட்டாய். எனக்கு அதில்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

டம்ளரை எடுக்கப் போனேன். பாதியில் கையை இழுத்துக்கொண்டேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, பாட்டிலை உயர்த்தினேன். ஐந்து வருஷத்தில் பழக்கம் விட்டுப் போயிருக்கிறது. தொண்டையில் சுரீரென்று இறங்கியது, புரையேறியது, மூக்கில் ஏறியது. பனியன் நாசமாயிற்று. சத்தம் கேட்டு ஈரக் கையோடு வந்த என் மனைவி கொடியிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தாள். வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டேன். இருமலில் வந்த கண்ணீர் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடமும் அதையேதான் சொல்கிறேன்.

படு மட்டமான ருசி. சுத்தமாகப் புளித்துப் போயிருக்கிறது.

தக்கையை அடைத்து வைத்திருக்கிறேன். இன்னும் பாதி இருக்கிறது. நான் வாய் வைக்கவில்லை.